பழைய 5800: உள்ளே எல்லாம் ஓடுகிறது, வீடியோ கால் மட்டும் போகாது

பின்மூடி பொருந்தாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய போனைக் கையில் வாங்கினால், அதை சார்ஜரில் செருகிப் பார்க்கவே கூடாது. மூடியைத் தூக்குவது உள்ளே உப்பிய பேட்டரி. முதல் வேலை அதை வெளியே எடுப்பதுதான்.

இந்த முறை வந்தது நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக். பக்கவாட்டில் சிவப்புக் கோடு போட்ட கறுப்பு ரகம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) எதிர்வரிசை வீட்டு அக்காவுடையது. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தபோது பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாராம். அதற்கப்புறம் அதைத் தொட்டதே இல்லை.

"உள்ள படம் நெறைய இருக்கு தம்பி. அதோட, முகம் பாத்துப் பேசுவோமே, அதுவும் வருமான்னு பாரு லா."

படத்துக்குச் சரி என்றேன். இரண்டாவதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாயால் சொல்வதைவிட, போனை எழுப்பி அவர் கண்ணெதிரே காட்டுவதே மேல் என்று வேலையை ஆரம்பித்தேன்.

5800 அறிவிக்கப்பட்டது 2008 அக்டோபரில். நோக்கியாவின் எஸ்60 மென்பொருள் வரிசையில் தொடுதிரையோடு வந்த முதல் போன் இதுதான். 3.2 அங்குலத் திரை, 640க்கு 360 புள்ளிகள். பின்னால் கார்ல் சைஸ் லென்ஸோடு 3.2 மெகாபிக்சல் கேமரா, முன்னால் வீடியோ அழைப்புக்கென்று ஒரு சின்னக் கேமரா. அதற்கு முந்தைய வருடம் வந்த முதல் ஐபோனில் முன்கேமராவும் இல்லை, 3ஜியும் இல்லை. இதை இப்போது சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

பேட்டரியின் பெயர் பிஎல்-5ஜே, 3.7 வோல்ட், 1320 மில்லி ஆம்பியர் மணி. உப்பியதைக் கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ நெம்பினால் உறை கிழிந்து தீப்பிடிக்கலாம். போனைக் கவிழ்த்து, பேட்டரியின் ஓரத்தில் பிளாஸ்டிக் அட்டை ஒன்றை நுழைத்து மெல்ல மெல்லத் தள்ளினேன், வந்துவிட்டது. அதை மணல் போட்ட மில்லோ டின்னில் வைத்தேன். ஈப்போ போகும்போது இ-கழிவுப் பெட்டியில் போட வேண்டியது. வீட்டுக் குப்பையில் எறியக் கூடாது.

மாற்றுப் பேட்டரிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் வந்த லூமியா 520க்கும் இதே பிஎல்-5ஜே அளவுதான் என்பதால், பட்டணத்துக் கைப்பேசிக் கடைகளில் இன்னும் தொங்குகிறது. எல்லாம் பிற கம்பெனித் தயாரிப்பு. உறையில் அச்சடித்த மில்லி ஆம்பியரை நான் நம்புவதில்லை. கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, 3.7க்குக் கீழே காட்டாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். ரொம்பக் கீழே இறங்கிப்போன பேட்டரி அலமாரியிலேயே பாதி செத்தது.

பேட்டரி உட்காரும் பள்ளத்தில் பொன்னிறத் தொடுமுனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. இங்கே அடிக்கிற மழைக்கும் புழுக்கத்துக்கும் டின்னுக்குள் வைத்தாலும் ஈரம் போகும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காதுக்குச்சியை நனைத்துத் தேய்த்தேன். பச்சை போனபின் முனைகளை விரல் நகத்தால் லேசாக அமுக்கிப் பார்க்க வேண்டும், ஸ்பிரிங் போலத் திரும்பி எழ வேண்டும். எழுந்தன.

அடுத்தது சார்ஜர். இந்த போனின் தலையில் மைக்ரோ யூஎஸ்பி துளை இருக்கிறது. வீட்டில் கிடக்கும் கேபிளைக் குத்திவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தத் துளை தரவுக்கு மட்டும், சார்ஜ் ஏறாது. சார்ஜுக்கு அடிப்பக்கத்தில் நோக்கியாவின் 2 மில்லிமீட்டர் ஊசித் துளை தனியாக இருக்கிறது. ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை ஊசி என்று கேபிள் கிடைக்கிறது, அதை வாங்கிவிட்டால் பெரிய யூஎஸ்பி துளையுள்ள எந்த அடாப்டரிலும் செருகலாம்.

பச்சை விளக்கு எரியவில்லையே என்று பதற வேண்டாம், இதில் சார்ஜ் திரையில்தான் தெரியும். பேட்டரிக் கோடு நகர ஆரம்பித்ததும் மேல் பட்டனை அழுத்தினேன். இரண்டு கைகள் கோத்துக்கொள்ளும் அந்தப் படமும், கூடவே மெட்டும். பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்தான்.

தேதி கேட்டது, கொடுத்தேன். முகப்பு வந்தது. வந்ததும் தானாகவே ஆட ஆரம்பித்தது. யாரும் தொடாமலே மெனு திறக்கும், பட்டியல் கீழே ஓடும், எங்கேயோ போய் நிற்கும். இந்த நோயைப் பார்த்ததும் பலர் "டச் போச்சு, மாத்தணும்" என்பார்கள். இந்த ரகத் திரையில் அப்படி அவசரப்படத் தேவையில்லை.

இன்றைய போன்களில் இருப்பது விரலின் மின்னூட்டத்தை உணரும் திரை. 5800இல் இருப்பது அழுத்தத்தை உணரும் திரை. மின்சாரம் கடத்தும் இரண்டு மெல்லிய ஒளிபுகும் படலங்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத பொட்டுகள் தாங்கிப் பிடிக்கும் இடைவெளி. மேலே அழுத்தினால் அந்த இடத்தில் இரண்டும் ஒட்டும். ஒட்டிய இடத்து வோல்ட்டேஜ் அளவை வைத்துக் குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவு என்று போன் கணக்கிடுகிறது. அழுத்துவது விரலா, நகமா, குச்சியா என்று அதற்குக் கவலை இல்லை. சட்டத்துக்கும் திரைக்கும் நடுவே மாட்டிய மண் துகளாகவும் இருக்கலாம். அது இடைவிடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால், யாரோ ஓரத்தில் விரல் வைத்திருக்கிறார் என்றுதான் போன் நினைக்கும்.

விளக்கை ஓரமாகச் சாய்த்துப் பார்த்தேன். வலதுபக்க விளிம்பில் செம்மண் கோடு. தோட்டத்து லோரிகள் கிளப்பும் அதே தூசிதான், எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து இறுகிப் போயிருந்தது. ஊசியோ பிளேடோ வைத்தால் மேல் படலம் கீறிவிடும். விளக்குமாற்றிலிருந்து செம்பனை ஈர்க்கு ஒன்றை உருவி, நுனியைத் தட்டையாகச் சீவி, ஆல்கஹாலில் தொட்டுத் தொட்டு விளிம்போடு இழுத்தேன். ஈர்க்குக்கு வளையவும் தெரியும், கீறாமல் சுரண்டவும் தெரியும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் நெம்புகோல்களைவிட இதற்கு இதுதான் சரி. மூலையில் மட்டும் கொஞ்சம் பிடிவாதம். அங்கே ஈர்க்கைக் குத்தாமல், ஊற வைத்து எடுத்தேன்.

தானாக ஆடுவது நின்றது. அதன்பின் அமைப்புகளில் தொடுதிரை அளவீடு என்று ஒன்று இருக்கிறது, அது காட்டும் குறிகளை ஸ்டைலஸ் நுனியால் வரிசையாகத் தொட வேண்டும். ஸ்டைலஸ் பின்மூடியின் மூலையில் செருகியபடியே இருந்தது. இத்தனை வருடத்தில் தொலையாமல் இருந்த ஸ்டைலஸை நான் பார்த்தது இதுதான் முதல்.

இந்தத் திரையைப் பழித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அழுத்தித் தேய்க்க வேண்டும், இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்க முடியாது, உண்மைதான். பட்டியலில் ஒரு தடவை தட்டினால் தேர்வாகும், இன்னொரு தடவை தட்டினால்தான் திறக்கும், ஐகான் மெனுவில் மட்டும் ஒரே தட்டு. இந்த ஒழுங்கின்மைக்கு நானும் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அக்கா சொன்னார், உரம் போடப் போகும்போது கையுறையைக் கழற்றாமலே போனை எடுத்துவிடுவாராம். மழையில் நனைந்த விரலுக்கும் இது வேலை செய்யும். இப்போது அவர் வைத்திருக்கும் போனில் வேர்வைக் கை பட்டால் திரை ஊமையாகிவிடுகிறது. வெளிவேலைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருந்தது என்பதே என் கட்சி.

சிம் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், இதில்தான் பல 5800கள் பாழாயின. இடதுபக்கம், ஸ்பீக்கர் ஓட்டைகளுக்குப் பக்கத்தில், இரண்டு சின்ன மூடிகள். ஒன்று மெமரி கார்டுக்கு, மற்றொன்று சிம்முக்கு. சிம்மைப் பக்கவாட்டில் தள்ளினால் உள்ளே போய்விடும். திரும்ப எடுக்க, பேட்டரியைக் கழற்றி, அந்தப் பள்ளத்தின் ஓரத்திலிருந்து ஸ்டைலஸ் நுனியால் சிம்மை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். நகத்தால் இழுத்தால் வராது. இன்றைய நானோ சிம்மை அடாப்டர் சட்டத்தில் பொருத்தி உள்ளே விட்டால், வெளியே வரும்போது சிம் நழுவி, சட்டத்தின் ஓரம் தொடுமுனைகளில் மாட்டும், முனை வளையும். ஆகவே புதுப் பிரீபெய்ட் சிம் வாங்கி, அட்டையிலிருந்து பெரிய அளவிலேயே பிய்த்து, உள் கோடுகளை உடைக்காமல் முழுசாகச் செருகினேன்.

சிக்னல் வந்தது. 2ஜி சிக்னல். என் போனுக்கு அடித்தேன், மணி அடித்தது, குரலும் சுத்தமாகக் கேட்டது.

சரி, இப்போது வீடியோ கால்.

மலேசியாவில் 3ஜி வணிகச் சேவை ஆரம்பித்தது 2005இல். இந்த போன் வந்தபோது பட்டணங்களில் அது பரவியிருந்தது. அன்றைய வீடியோ அழைப்பையும் இன்றைய வாட்ஸ்அப் வீடியோவையும் ஒரே சாமானின் பழசு புதுசு என்று நினைக்கிறோம். அடிப்படையிலேயே இரண்டும் வேறு. வாட்ஸ்அப்பில் உங்கள் முகம் இணையத் தரவுப் பொட்டலங்களாகப் போகிறது, எந்த நெட்வொர்க் கிடைத்தாலும் ஏறிக்கொள்ளும். 3ஜி வீடியோ அழைப்பு சாதாரணத் தொலைபேசி அழைப்பின் தம்பி. 3ஜி-324எம் என்ற தரத்தின்படி, பேசி முடிக்கும்வரை இரண்டு போன்களுக்கும் நடுவே 64 கிலோபிட் வேகத்தில் ஒரு தடத்தை நெட்வொர்க்கே ஒதுக்கிக் கொடுக்கும். தரவுத் திட்டம் தேவையில்லை, கணக்குத் தொடங்க வேண்டாம், செயலி வேண்டாம். எண்ணை அழுத்தி, அழைப்பில் வீடியோவைத் தேர்ந்தால் போதும். கட்டணம் நிமிடக் கணக்கு.

அந்த 64க்குள் எல்லாம் அடங்க வேண்டும். குரலுக்கு 12.2 கிலோபிட் போய்விடும், கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குக் கொஞ்சம், மீதிதான் படத்துக்கு. அதனால் படத்தின் அளவு 176க்கு 144 புள்ளிகள்தான். 5800இன் திரையில் இருக்கும் புள்ளிகளில் ஒன்பதில் ஒரு பங்கு. அசைந்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். ஆனால் தடம் தனி என்பதால், இன்றைக்கு நெட் அடைத்துக்கொண்டு வட்டம் சுற்றுவது போன்ற தொல்லை அதில் கிடையாது. சிக்னல் நின்றால் பேச்சும் நிற்கும், இல்லாவிட்டால் கடைசிவரை ஒரே சீராகப் போகும்.

சிக்னல்தான் பிரச்சினை. அப்போது 3ஜிக்குப் பெரும்பாலும் ஓடியது 2100 மெகாஹெர்ட்ஸ் அலை. 2ஜியின் 900 மெகாஹெர்ட்ஸ் போகும் தூரம் அது போகாது, மரக் கூட்டத்துக்குள்ளும் சுலபமாக நுழையாது. லயத்தில் குரல் அழைப்பு கேட்கும், முகம் வராது. அக்காவின் கணவர், மாமா, அப்போது சிங்கப்பூரில் வேலை. அவர் அழைக்கும் நாளில் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துச் சாலையில் இறங்கிப் பட்டணத்துப் பக்கம் வருவாராம். திரையின் மேல் மூலையில் 3ஜி குறி தெரிகிற இடம்வரை நடை. அங்கே ஒரு ஒட்டுக்கடை, பெஞ்சும் இருந்தது, ஆகவே பிரச்சினை இல்லை என்றார். கடைக்காரரும் எட்டிப் பார்த்து மாமாவை நலம் விசாரிப்பாராம். வீடியோ அழைப்பில் ஒலி தானாகவே ஸ்பீக்கருக்குப் போய்விடும், ரகசியம் பேச வழியில்லை.

அக்காவை உட்கார வைத்து, அவர் கையாலேயே என் எண்ணுக்கு வீடியோ அழைப்பு கொடுக்கச் சொன்னேன். அதற்குமுன் முன்கேமராவைத் தனியாகத் திறந்து பார்த்தாயிற்று. லென்ஸில் லேசாகப் பூஞ்சை மங்கல் இருந்தாலும் முகம் தெரிகிறது. அழைப்பு கொஞ்ச நேரம் முயன்றது, பிறகு விழுந்தது. விழுந்தவுடன் போனே கேட்டது: சாதாரண அழைப்பாக முயலவா, இல்லை செய்தி அனுப்பவா?

"ஏன் தம்பி, கேமராதான் வேலை செய்யுதே?"

"கேமரா, திரை, மைக் எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. நடுவுல இருந்த 3ஜிய மூடிட்டாங்க."

மலேசியாவில் 3ஜி 2021 டிசம்பர் கடைசியோடு மூடப்பட்டது. 2020இல் அரசு அறிவித்த ஜெண்டேலா என்ற இணைய வசதித் திட்டத்தின்படி, அந்த அலைவரிசைகளை 4ஜிக்குத் திருப்பிக்கொண்டார்கள். 2ஜியை விட்டு வைத்ததால்தான் இந்த போனில் இன்னும் பேச முடிகிறது. இதையே ஜொகூர் பாலம் தாண்டிக் கொண்டுபோனால் பேசவும் முடியாது: சிங்கப்பூரில் 2ஜி 2017 ஏப்ரலிலேயே போய்விட்டது, 3ஜியும் 2024இல் முடிந்தது. மாமா அன்று அழைத்த அந்த முனையில் இப்போது இந்த போனுக்கு ஒரு கோடுகூட வராது.

பழைய போன் கொண்டுவருபவர்களிடம் இனி முதலிலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிடுவதென்று இருக்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் வேலைகளை ஈர்க்கும் ஆல்கஹாலும் மீட்கும். வெளியே யாரோ நடத்திய சேவையில் தொங்கிய வேலைகளுக்கு எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடையாது. வாட்ஸ்அப் கூட ஒரு காலத்தில் இதில் ஓடியது, 2017 ஜூன் கடைசியில் எஸ்60க்கு நிறுத்திவிட்டார்கள். வைஃபை பிடிக்கிறது, ஆனால் இன்றைய இணையதளங்கள் கேட்கும் பாதுகாப்பு முறை பழைய உலாவிக்குத் தெரியாததால் பெரும்பாலானவை திறப்பதில்லை. தமிழ்ப் பக்கம் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும். அந்தக் காலத்தில் ஓபரா மினியின் உள்ளமைப்பில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் ஒரு தேர்வு இருந்தது. அதைப் போட்டுத்தான் தமிழ் படித்தோம்.

மெமரி கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் போட்டு எல்லாவற்றையும் கணினிக்கு நகலெடுத்தேன். போன் வழியாகக் கேபிளில் எடுப்பதைவிட இது வேகம், பேட்டரியும் பாதியில் கைவிடாது. போனின் உள்நினைவில் இருந்த கொஞ்சத்தை மட்டும் கேபிளில் எடுத்தேன். பின்கேமரா வீடியோக்கள் 640க்கு 480, நொடிக்கு 30 படம். கோயில் திருவிழாவில் மகள் காவடிக்குப் பின்னால் ஓடுவது இன்றைய டிவியிலும் பார்க்கும்படி இருக்கிறது. அக்கா தேடியது வேறு. "மாமா பேசினது ஒண்ணும் இதுல இல்லையா?" வீடியோ அழைப்பை போன் பதிவு செய்து வைப்பதில்லை. அழைப்புப் பட்டியல்கூட 30 நாளுக்குமேல் தங்காது. அதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அப்படியும் அழைப்பு அமைப்புகளைத் துழாவினேன். அங்கே வீடியோ அழைப்பில் காட்டும் படம் என்று ஒரு வரி உண்டு. கேமராவை மறுத்துவிட்டுப் பேசினால், உங்கள் முகத்துக்குப் பதிலாக எதிர்முனைக்குப் போகும் நிழற்படம் அது. திறந்தால் பத்துமலை முருகன்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தல வாராம இருக்கற நேரம் அவரு அடிப்பாரு லா. அப்ப முருகனத்தான் காட்டுவேன். சாமியக் கும்பிட்டுட்டுப் பேசுன்னு சொல்லுவேன்."

அந்தப் படத்தையும் அவருடைய புது போனுக்கு அனுப்பிக் கொடுத்தேன்.

போன் இப்போது அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. நெட்வொர்க் முறையை ஜிஎஸ்எம் என்று மாற்றி வைத்திருக்கிறேன், இல்லாத 3ஜியைத் தேடித் தேடிப் பேட்டரி தீராமல் இருக்கும். ஹெட்செட் ஒயரே ஏரியலாக வேலை செய்வதால், அதைச் செருகினால் மின்னல் எஃப்எம் தெளிவாகக் கேட்கிறது. பக்கவாட்டு ஸ்பீக்கர் இரண்டும் சமையலறைக்குப் போதுமான சத்தம். நீண்ட நாள் சும்மா வைப்பதானால் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் கழற்றித் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஊசிக் கேபிள் இன்னொன்று கண்ணில் பட்டால் வாங்கிவிட வேண்டும், கடையில் இருந்தது அந்த ஒன்றுதான்.